மஞ்சள் பூக்களின் நாள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

லத்தீன் அமெரிக்க நாடுகளில் வசந்தம் பிறக்கும் நாளன்று அன்புக்குரியவர்களுக்கு மஞ்சள் பூக்கள் கொடுக்கும் வழக்கம் பரவி வருவதைப் பற்றிச் சென்ற இதழில் நான்கு வரித் துணுக்கு ஒன்றை வெளியிட்டிருந்தோம். அந்தத் துணுக்கைத் தொட்டு வந்த கடிதங்களைப் படித்தபோது, நான்கு வரியில் முடிக்கக் கூடிய செய்தியல்ல அது என்பது புரிந்தது. ஆகவே இந்த இதழின் கேள்வி-பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகன் மெக்சிகோவில் வேலை பார்க்கிறான், அந்நாட்டுப் பெண்ணையே மணந்துகொண்டிருக்கிறான். சென்ற செப்டம்பர் 21 அன்று மருமகள் நாள் முழுவதும் முகம் வாடியிருந்தாளாம். காரணம் கேட்டதற்கு, “எனக்கு நீ மஞ்சள் பூ வாங்கி வரவில்லையே” என்றாளாம். பிறந்தநாளும் இல்லை, கல்யாண நாளும் இல்லை. இதற்காக ஒரு பெண் இவ்வளவு வருந்துவாளா என்று மகன் என்னிடம் கேட்கிறான். நான் என்ன சொல்லட்டும்?

பதில்: வருந்துவாள் அம்மா. அந்த வருத்தத்தில் நியாயமும் இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள வேண்டுமானால் 2004-ஆம் ஆண்டு அர்ஜென்டினாவுக்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு அங்கே ‘ஃப்ளோரிசியெந்தா’ என்ற தொலைக்காட்சித் தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியது. சிறுவர்களுக்கும் இளையோருக்குமான தொடர்களைத் தயாரிப்பதில் பெயர்பெற்ற கிறிஸ் மொரேனா உருவாக்கிய தொடர் அது. சிண்ட்ரெல்லா கதையை இன்றைய காலத்துக்குக் கொண்டுவந்து, ஒரு பணக்கார வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வரும் ஏழைப் பெண்ணைக் கதாநாயகியாக்கினார்கள். அந்தப் பெண்ணாக நடித்த ஃப்ளோரென்சியா பெர்டொட்டியே பாடல்களையும் பாடினார். ‘மஞ்சள் பூக்கள்’ என்பது அவற்றுள் ஒன்றின் பெயர். தன்னைத் தேடி ஒருவன் என்றாவது ஒருநாள் மஞ்சள் பூக்களோடு வருவான் என்று காத்திருக்கும் பெண்ணைப் பற்றிய பாடல் அது. தொடர் பெருவெற்றி பெற்றது. பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் அந்தந்த நாட்டு நடிகர்களை வைத்து மறுபடியும் எடுத்தார்கள். மெக்சிகோவில் 2007-இல் இதே கதை வேறு பெயரில் வந்தது.

அந்தத் தொடரை எட்டு வயதிலும் பத்து வயதிலும் பார்த்த சிறுமிகள் வளர்ந்து, வேலைக்குப் போய், கல்யாணம் செய்துகொண்ட பிறகுதான் பாடல் வழக்கமாக மாறியது என்பதைக் கவனிக்க வேண்டும். 2023-ஆம் ஆண்டு வாக்கில் டிக்டாக் காணொளிகளில் அந்தப் பழைய பாடல் மறுபடியும் ஒலிக்கத் தொடங்கியது. செப்டம்பர் 21 அர்ஜென்டினாவில் வசந்த நாள். அன்றைக்கு மஞ்சள் பூ கிடைத்தவர்கள் படமெடுத்துப் போட, கிடைக்காதவர்கள் ஏக்கத்தோடு பார்க்க, ஓரிரு ஆண்டுகளுக்குள் மெக்சிகோ, பெரு, கொலம்பியா என்று ஸ்பானிய மொழி பேசும் நாடுகள் பலவற்றிலும் அந்தத் தேதிக்குப் பூக்கடைகள் மஞ்சளாகிவிட்டன.

உங்கள் மருமகளின் வயது எனக்குத் தெரியாது. ஆனாலும் அவள் எதிர்பார்த்தது ஒரு கட்டுப் பூவை மட்டுமல்ல என்று என்னால் சொல்ல முடியும். கேட்டு வாங்கினால் அந்தப் பூவுக்கு மதிப்பில்லை. கேளாமலே ஒருவர் நினைவு வைத்துக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் அந்தப் பாடலின் உயிர், இந்த வழக்கத்தின் உயிரும் அதுவே. அவள் காலையிலேயே வாய்விட்டுக் கேட்காததும், மாலையில் முகம் வாடியதும் அதனால்தான். உங்கள் மகன் மேல் குற்றமில்லை. அவர் வளர்ந்த வீட்டில் இந்தப் பாடல் ஒலிக்கவில்லை. அடுத்த முறை இரண்டு சூரியகாந்தி போதும், விலை உயர்ந்த ரோஜா வேண்டியதில்லை. மெக்சிகோ நகரத்தில் இருப்பாரானால் ஹமைக்கா சந்தை என்ற பெரிய பூச்சந்தை அங்கே இருக்கிறது. வாளி வாளியாகச் சூரியகாந்தியை அடுக்கி வைத்திருப்பார்கள். தேதி தவறிவிட்டதே என்று அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். தாமதமாக வந்த பூவை யாரும் திருப்பி அனுப்பியதில்லை.

கேள்வி: துணுக்கில் மார்ச் 21 என்றும் செப்டம்பர் 21 என்றும் இரண்டு தேதிகள் வந்திருந்தன. எது சரி? வசந்தம் ஆண்டுக்கு ஒருமுறைதானே வரும்?

பதில்: ஓர் இடத்துக்கு ஒருமுறைதான், பூமிக்கு இருமுறை. பூமியின் அச்சு ஏறத்தாழ 23.4 பாகை சாய்ந்திருப்பதால் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே வசந்தம் பிறக்கும்போது தெற்கே இலையுதிர்காலம் தொடங்குகிறது. அர்ஜென்டினா தெற்கே இருக்கிறது, ஆகவே அங்கே செப்டம்பர் வசந்தம். மெக்சிகோ வடக்கே இருக்கிறது. அங்கே மார்ச் வசந்தம். இன்னும் நுட்பமாகச் சொன்னால், பகலும் இரவும் சமமாகும் நாள் மார்ச்சில் பெரும்பாலும் 20-ஆம் தேதியும், செப்டம்பரில் 22 அல்லது 23-ஆம் தேதியும் வருகிறது. அர்ஜென்டினாவின் செப்டம்பர் 21 வானியல் கணக்குக்குச் சற்று முந்திக்கொண்ட தேதி.

அந்தத் தேதிக்கு வேறொரு வரலாறும் உண்டு. அர்ஜென்டினாவின் அதிபராக இருந்து பள்ளிக்கல்விக்காகப் பாடுபட்ட தோமிங்கோ சார்மியெந்தோ, 1888 செப்டம்பர் 11 அன்று பராகுவேயின் அசுன்சியோன் நகரில் காலமானார். அவருடைய உடல் பியூனஸ் அயர்ஸுக்கு வந்து சேர்ந்தது செப்டம்பர் 21 அன்று. அதன் நினைவாக அந்நாளை மாணவர் நாளாகக் கொண்டாடும் வழக்கம் 1902-இல் பல்கலைக்கழக மாணவர்களிடையே தொடங்கியது. இன்றைக்கும் அங்கே அது மாணவர் நாளும் வசந்த நாளும் சேர்ந்த நாள். ஒரு கல்வியாளரின் இறுதி வருகையில் தொடங்கி, பூங்காக்களில் கூட்டம் கூட்டமாக இளைஞர்கள் புல்லில் அமர்ந்து உண்டு பாடும் நாளாக வளர்ந்து, இப்போது காதலர்கள் மஞ்சள் பூ கொடுக்கும் நாளாகவும் ஆகியிருக்கிறது. பொலிவியாவிலும் அதே செப்டம்பர் 21 மாணவர்களுக்கும் காதலுக்கும் வசந்தத்துக்கும் உரிய நாள்.

மெக்சிகோவில் மார்ச் 21-க்குத் தனிச் சிறப்பு உண்டு. அதிபராக இருந்த பெனிட்டோ ஹுவாரெஸ் 1806-இல் பிறந்த நாள் அது. மழலையர் பள்ளிக் குழந்தைகள் தேனீயாகவும் வண்ணத்துப்பூச்சியாகவும் பூவாகவும் வேடமிட்டுத் தெருவில் ஊர்வலம் போகும் நாளும் அதுவே. ஆகவே, வசந்தம் எங்களுக்கு மார்ச்சில்தான், மஞ்சள் பூவையும் மார்ச்சில்தான் கொடுக்க வேண்டும் என்று அங்கே சிலர் வாதிடுகிறார்கள், வாதத்தில் பிழையில்லை. ஆனால் பாடலோடு வந்த தேதி செப்டம்பர் என்பதால் பலர் செப்டம்பரையும் விடுவதில்லை. நிலநடுக்கோட்டை ஒட்டிய கொலம்பியாவிலும் ஈக்வடாரிலும் நான்கு பருவங்களே கிடையாது. அங்கேயும் வசந்தத்தின் பெயரால் மஞ்சள் பூ கொடுக்கிறார்கள். உலகின் மிகப்பெரிய கொய்மலர் ஏற்றுமதி நாடுகளின் வரிசையில் நெதர்லாந்துக்கு அடுத்தபடி நிற்பவை அவ்விரு நாடுகள்தாம் என்பதால், பருவம் இல்லாவிட்டாலும் பூவுக்குப் பஞ்சமில்லை.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். தொலைக்காட்சித் தொடரிலிருந்து பிறந்த ஒன்றை ‘வழக்கம்’ என்று நீங்கள் எழுதியது எனக்கு உறுத்தலாக இருந்தது. வழக்கம் என்றால் தலைமுறை தலைமுறையாக வர வேண்டாமா?

பதில்: தம்பி, எந்த வழக்கமும் ஒருநாள் ஒருவரிடமிருந்து தொடங்கியதுதான். பெரும்பாலானவற்றில் அந்த ஒருவரின் பெயர் மறந்துபோய்விட்டது. மறந்துபோகாத ஓர் எடுத்துக்காட்டு, அதுவும் மஞ்சள் பூவைப் பற்றியதே, இத்தாலியில் இருக்கிறது.

இத்தாலியில் மார்ச் 8 அன்று, பெண்கள் நாளில், தாய்க்கும் மனைவிக்கும் தோழிக்கும் உடன் வேலை செய்யும் பெண்களுக்கும் மிமோசா என்ற மஞ்சள் பூங்கொத்தைக் கொடுப்பார்கள். பட்டாணியைவிடச் சிறிய பஞ்சுருண்டைகள் நூற்றுக்கணக்கில் ஒரு காம்பில் திரண்டிருக்கும். ஒவ்வோர் உருண்டையும் தனிப் பூவல்ல. பல நுண்ணிய பூக்களின் திரள். நாம் பார்ப்பது இதழ்களையும் அல்ல, மகரந்தக் கேசரங்களைத்தான். ஒரு கொத்தைக் கையில் வாங்கி மார்போடு அணைத்துப் பிடித்தால் சட்டைக் கையில் மஞ்சள் பொடி ஒட்டிக்கொள்ளும். அன்று மாலை ரயிலில் வீடு திரும்பும் பெண்களின் கையில் கண்ணாடித்தாள் சுற்றிய சின்னஞ்சிறு கொத்துகள் இருக்கும்.

இது எப்படி வந்தது? இரண்டாம் உலகப்போர் முடிந்த மறு ஆண்டு, 1946. இத்தாலியப் பெண்கள் ஒன்றியம் பாசிச ஆட்சி வீழ்ந்த பின் வரும் பெண்கள் நாளை நாடு முழுவதும் கொண்டாட விரும்பியது. அதற்கு அடையாளமாக ஒரு பூவைத் தேடினார்கள். வயலெட் பூ என்ற யோசனை வந்தது. அது எளிதில் கிடைக்காது, விலையும் அதிகம். பாசிசத்துக்கு எதிரான போராட்டத்தில் பங்கெடுத்திருந்த தெரேசா மத்தேய் என்ற இளம்பெண்ணும் அவருடைய தோழியரும், மார்ச் தொடக்கத்தில் தானாகவே பூத்துக் குலுங்குகிற, காசில்லாதவர்களும் ஒடித்துக் கொடுக்கக் கூடிய மிமோசாவைத் தேர்ந்தெடுத்தார்கள். போரில் எல்லாம் இழந்த நாட்டில், ஏழைப் பெண்ணுக்கும் கிடைக்க வேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு ஒரு பூவை யோசித்து எடுத்தார்களே, அந்த நினைப்பைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். அந்த மார்ச் 8-க்கு இரண்டு நாள் கழித்து, மார்ச் 10 அன்று தொடங்கிய உள்ளாட்சித் தேர்தல்களில் இத்தாலியப் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தார்கள். ஜூன் மாதம் அரசியலமைப்பு அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட 556 பேரில் பெண்கள் 21 பேர். அவர்களில் வயதில் இளையவர், 25 வயதே ஆன அதே தெரேசா மத்தேய். 2013-இல் அவர் மறையும்போது, தாம் தேர்ந்தெடுத்த பூ எண்பது வயதுப் பாட்டிகளின் கையிலும் பள்ளிச் சிறுமிகளின் கையிலும் இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த மரம் இத்தாலிக்குச் சொந்தமானதே அல்ல. ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குப் பகுதியிலிருந்தும் தாஸ்மேனியாவிலிருந்தும் ஐரோப்பாவுக்குக் கொண்டுவரப்பட்ட வேல மர இனம் அது. வேறு கண்டத்து மரம், ஒரு கூட்டத்தில் எடுத்த முடிவு. ஆனாலும் இன்று மிமோசா இல்லாத மார்ச் 8-ஐ இத்தாலியர்களால் நினைத்துப் பார்க்க முடியாது. அப்படியிருக்க, தொலைக்காட்சிப் பாடலிலிருந்து வந்ததாலேயே மஞ்சள் பூ நாளைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. இரண்டு தலைமுறை கழித்து அந்தத் தொடர் மறந்துபோய், பூ மட்டும் நிலைத்திருக்குமானால் அதை வழக்கம் என்றுதான் உங்கள் பேரப்பிள்ளைகள் சொல்வார்கள்.

கேள்வி: மஞ்சள் ரோஜா பொறாமையின் அடையாளம் என்றும், பிரிவைக் குறிக்கும் என்றும் படித்திருக்கிறேன். அப்படியானால் அன்பானவருக்கு எப்படிக் கொடுப்பது?

பதில்: நீங்கள் படித்தது உண்மைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பூக்களுக்கு அகராதியே எழுதினார்கள். அவற்றில் பலவற்றில் மஞ்சள் ரோஜாவுக்குப் பொறாமை என்றோ, குறைந்துவரும் காதல் என்றோ பொருள் போட்டிருந்தார்கள். ரஷ்யாவில் இன்றும் மஞ்சள் பூவைப் பிரிவோடும் துரோகத்தோடும் சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் அதே ரஷ்யாவில் மார்ச் 8 வந்துவிட்டால் மஞ்சள் மிமோசாவைப் பெண்களுக்கு மகிழ்ச்சியோடு கொடுக்கிறார்கள். பூவின் பொருள் பூவில் இல்லை, கொடுப்பவரும் வாங்குபவரும் அதை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மெக்சிகோவில் ஒரு பூவை மட்டும் யோசித்துக் கொடுக்க வேண்டும். நாம் செண்டுமல்லி என்று சொல்லும் பூவின் தாய்நாடு அதுவே. அந்நாட்டுப் பழங்குடி மொழியான நவாட்டலில் ‘இருபது பூ’ என்று பொருள்படும் பெயரிலிருந்து வந்த செம்பசூச்சில் என்ற பெயரால் அதை அழைக்கிறார்கள். நவம்பர் முதலிரு நாள்களில், இறந்தவர்களை நினைவுகூரும் விழாவில், அதன் இதழ்களை உதிர்த்து வீட்டு வாசலிலிருந்து படையல் வரை பாதை போடுவார்கள். அந்த நிறத்தையும் மணத்தையும் பின்பற்றி முன்னோர் வீடு திரும்புவார்கள் என்பது நம்பிக்கை. மிக அழகான பூ, மிக அன்பான வழக்கம். ஆனால் அந்த அன்பு மறைந்தவர்களுக்கு உரியது. முதல் கேள்வி அனுப்பிய அம்மா தம் மகனிடம் இதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.

கொலம்பிய எழுத்தாளர் காப்ரியேல் கார்சியா மார்க்வெஸ் எழுதும் மேசையில் மஞ்சள் பூ இருந்தால் தமக்குத் தீங்கு எதுவும் வராது என்று நம்பினார். அதிலும் மஞ்சள் ரோஜாவே அவருக்கு மிகவும் விருப்பமானது. அவர் 2014-இல் மெக்சிகோ நகரத்தில் மறைந்தபோது அஞ்சலி செலுத்த வந்தவர்கள் மஞ்சள் ரோஜாக்களைத்தான் எடுத்து வந்தார்கள். அகராதி சொல்லும் பொறாமை அவர்களில் யாருக்கும் நினைவுக்கு வந்திருக்காது. ஆகவே துணிந்து கொடுங்கள். மனத்தில் சந்தேகம் இருந்தால் பூவோடு இரண்டு வரி எழுதியும் வையுங்கள்.

கேள்வி: வசந்தத்தின் முதல் பூக்களில் பல மஞ்சளாகவே இருப்பது ஏன்?

பதில்: மஞ்சள் நிறத்தைப் பெரும்பாலும் தருபவை கரோட்டினாய்டுகள் என்ற நிறமிகள். இவை இலைகளில் ஏற்கெனவே இருப்பவைதாம்; ஆகவே அவற்றைப் பூவிலும் சேர்ப்பது செடிக்குப் புதிய வேலையல்ல. குளிர் விலகும்போது பறக்கத் தொடங்கும் தேனீக்களுக்கும் ஈக்களுக்கும் மஞ்சள் நன்றாகத் தெரியும். தேனீயின் கண் புற ஊதா ஒளியையும் காணும் என்பதால், நமக்கு வெறும் மஞ்சளாகத் தோன்றும் பல பூக்களின் நடுவில் தேன் இருக்கும் இடத்தைச் சுட்டும் வட்டம் ஒன்று அதற்குத் தனியாகத் தெரிகிறது. சூரியகாந்தியிலும் அப்படியொரு வட்டம் உண்டு. சூரியகாந்தி நாள் முழுவதும் சூரியனோடு திரும்பும் என்பதும் பாதிதான் உண்மை: மொட்டுப் பருவத்தில் திரும்பும், முழுதாக மலர்ந்த பின் கிழக்கு நோக்கி நின்றுவிடும்.

கேள்வி: நான் வேலை நிமித்தமாகச் சிலியில் இருக்கிறேன், முப்பத்து மூன்று வயதாகிறது, தனியாக வாழ்கிறேன். அந்த நாளில் கைபேசியைத் திறந்தால் யார் யாருக்கோ கிடைத்த பூக்கள்தாம். எனக்கு வேண்டாம் என்று சொல்லிக்கொண்டாலும் மனம் கனத்துப்போகிறது. இந்த வழக்கம் நல்லதுதானா?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இந்த வழக்கத்தின் இருண்ட பக்கம் இதுதான். அதை மறைத்து எழுதினால் நான் நேர்மையாகப் பதில் சொன்னவன் ஆக மாட்டேன். பூ கொடுப்பது இருவருக்கு இடையில் நடப்பது. அதைப் படமெடுத்து ஊருக்குக் காட்டும்போது, கிடைக்காத ஒவ்வொருவரின் வாசலிலும் போய் அது நிற்கிறது. கிடைத்தவர்கள் அந்தப் படத்தை வீட்டாரோடு நிறுத்திக்கொண்டால் எவ்வளவோ நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் அங்கே வேறொன்றும் நடந்துகொண்டிருக்கிறது. மகள் தாய்க்குக் கொடுக்கிறாள். தோழிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்கிறார்கள். பெண்கள் ஆண்களுக்குக் கொடுக்கிறார்கள். தனக்குத் தானே வாங்கி மேசையில் வைத்துக்கொள்பவர்களும் பலர். அவர்களில் யாரும் ‘ஆள் கிடைக்காததால் செய்கிறார்கள்’ என்று நான் நினைக்கவில்லை. உங்கள் அலுவலகத்தில், உங்களைப் போலவே அந்த நாளைப் பேசாமல் கடந்துபோகும் இன்னொருவர் நிச்சயம் இருப்பார்; வயதில் மூத்தவராக இருக்கலாம், கணவரை இழந்தவராக இருக்கலாம். அடுத்த செப்டம்பரில் ஒற்றைச் சூரியகாந்தியை அவருடைய மேசையில் வைத்துப் பாருங்கள். அன்றைக்குக் கைபேசியைத் திறக்காமல் இருப்பதும் நல்லது.

கேள்வி: வாங்கும் பூக்கள் இரண்டு நாளில் வாடிவிடுகின்றன. நீண்ட நாள் வைத்திருக்க வழி சொல்லுங்கள்.

பதில்: எல்லாப் பூவுக்கும் பொதுவானவை முதலில். காம்பின் அடியைக் கூர்மையான கத்தியால் சாய்வாக வெட்டுங்கள். தண்ணீரில் மூழ்கும் இலைகளை உருவிவிடுங்கள். தண்ணீரை நாள்தோறும் மாற்றுங்கள். பழத்தட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், பழுக்கும் பழங்களிலிருந்து வெளியேறும் எத்திலீன் வாயு பூவை விரைவில் வாடச் செய்யும்.

சூரியகாந்தி நிறையத் தண்ணீர் குடிக்கும். ஆழமான சாடி வேண்டும். ஜெர்பராவுக்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். அதன் காம்பு மென்மையானது, மெல்லிய ரோமம் படர்ந்தது. ஆழமான தண்ணீரில் அழுகி, தலை தொங்கிவிடும். நான்கு விரற்கடைத் தண்ணீர் போதும். டாஃபடில் காம்பிலிருந்து வழியும் பசை மற்ற பூக்களை, குறிப்பாக டூலிப்பை, வாட்டிவிடும். ஆகவே டாஃபடிலைச் சில மணி நேரம் தனித் தண்ணீரில் நிறுத்தி, மறுபடி வெட்டாமல் மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். மிமோசாவுக்கு வறண்ட காற்றுதான் எதிரி; பஞ்சுருண்டைகள் ஓரிரு நாளில் சுருங்கிவிடும். ஆனால் சுருங்கிய பிறகும் அதன் மஞ்சள் நிறம் நெடுநாள் இருக்கும் என்பதால் உலர்ந்த கொத்தை அப்படியே வைத்துக்கொள்பவர்களும் உண்டு.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. மஞ்சள் லில்லி பார்க்க எவ்வளவு அழகோ, பூனைக்கு அவ்வளவு நஞ்சு. இதழைத் தின்ன வேண்டியதில்லை; மேலே உதிர்ந்த மகரந்தத்தை நக்கினாலும், சாடித் தண்ணீரைக் குடித்தாலும் பூனையின் சிறுநீரகம் செயலிழந்து உயிரே போகலாம். பூ கொடுக்கப்போகும் வீட்டில் பூனை இருக்கிறதா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். இருந்தால் லில்லியை விட்டுவிட்டு, பூனைக்குத் தீங்கு செய்யாத சூரியகாந்தியையோ ஜெர்பராவையோ வாங்குங்கள்.